காட்டன் சூட்டில் ஒரு சக்கரம்

கற்றுக்கொள்ள வந்தவர் சாவியைத் திருகுவதற்கு முன்பே கிளட்ச் அக்கா வலது கால் செருப்பைக் கழற்றிவிடுவார். இடது கால் செருப்பு காலிலேயே இருக்கும். கழற்றியதைக் குதிகாலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலின் பெருவிரலை மட்டும் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் வைப்பார். அழுத்த மாட்டார். சுவரில் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்போமே, அவ்வளவுதான். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் மிதிகளும் ஒரே கம்பியில் கட்டுண்டவை. அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கமும் இறங்கும். ஓட்டுகிறவர் பயந்து நடுங்குகிறாரா, தயங்குகிறாரா, காலை வைத்த இடமே தெரியாமல் தடவுகிறாரா எல்லாம் அந்த விரலுக்கு வந்து சேர்ந்துவிடும். வாய் பாட்டுக்கு வேறு கதை பேசிக்கொண்டிருக்கும்.

வாய் பேசுகிற கதையில் முக்கால்வாசி ஒரே சொல்தான். “கிளட்ச்… கிளட்ச்… கிளட்ச்!” கடைசி ‘கிளட்ச்’ தெருக்கோடி வரை கேட்கும். அப்படித்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் வைப்பதற்கு முன் பதினொரு வருடம் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து மேஜைக்குப் பின்னால் நின்றவர் அவர். மெக்கானிக்குகள் உடைந்த சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, அது எப்படி உடைந்தது, யார் உடைத்தது, வண்டிக்காரன் எப்படிக் கத்தினான் என்று சாங்கோபாங்கமாகச் சொல்வார்கள். சொல்லச் சொல்லக் கேட்டு, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமலே பாதிக் காரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். மீதிப் பாதியை, ஆறு வருடத்துக்கு முன் வெள்ளைக் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிய பிறகு, அந்தக் காரே கற்றுக்கொடுத்தது. கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் அவர் கடை. கணவரின் மிஷின் சத்தத்துக்கும் மனைவியின் கிளட்ச் சத்தத்துக்கும் நடுவில் அந்த வீடு எப்போதும் கலகலவென்றிருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஓட்டுகிற இருக்கையில் இருந்தவர் சலவையம்மா. ஐம்பத்து மூன்று வயது. தெருமுனைச் சலவைக்கடையை இருபது வருடமாகத் தனி ஆளாக நடத்துகிறவர். அவருக்குப் பதினொரு மணிக்கு டெஸ்ட். நாலாவது டெஸ்ட். முதல் தடவை முன்னால் போகச் சொன்னதற்குப் பின்னால் போனார். இரண்டாவது தடவை நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றார். மூன்றாவது தடவை வெள்ளைக் காருக்கு உடம்பு சரியில்லாததால் வேறொரு ஸ்கூலின் காரை இரவல் வாங்கிப் போய், கிளப்பவே முடியாமல் இறங்கி வந்தார். இந்தக் காரை விட்டால் தனக்கு வேறு கார் ஓடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலைதான் அவர் கடையின் முதுகெலும்பு. அதைத் தினமும் வேனில் ஏற்றிப் போய் இறக்க வேண்டும். வேன் ஓட்டி வந்த டிரைவர் சனிக்கிழமையோடு நின்றுகொள்கிறார். “சனிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் கையில இல்லன்னா, திங்கக்கிழமை அந்த வேலைய வேற கடைக்குக் குடுத்துடுவாங்க அக்கா” என்று சலவையம்மா சொல்லிச் சொல்லி, அக்காவுக்கே இரவில் படுக்கை விரிப்புகள் கனவில் வரத் தொடங்கிவிட்டன.

காலைப் பயிற்சி நன்றாகத்தான் போனது. காலி மைதானத்தில் நாலு சுற்று, ரிவர்ஸ் இரண்டு, கொடி காட்டினால் நிற்பது ஐந்து. ஐந்திலும் கோட்டைத் தொடாமல் நின்றார். வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அக்கா மூக்கை உறிஞ்சினார்.

“என்னமோ தீயுற வாசனை வருதே?”

சலவையம்மா செருப்பு நுனியைப் பார்த்தார். “ரெண்டு வாரமா வருது அக்கா. நான்தான் எதையோ தப்பா மிதிக்கிறேன்போலன்னு நினைச்சுக்கிட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு…”

“திட்ட மாட்டேனா பின்ன! ரெண்டு வாரமா?”

“பாருங்க, திட்டுறீங்க.”

இதற்குள் முன்னறை ஜன்னலில் தையல்காரரின் தலை தெரிந்தது. கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி. ஊசிகளுக்கு நடுவிலிருந்தே பேசினார். “இதுக்கு ஆராய்ச்சி வேறயா? உன் கால் பெருவிரல்தான் காரணம். ஆறு வருஷமா பிரேக் மேலயே குடியிருக்குல்ல, தீயாம என்ன பண்ணும்?”

அக்காவின் முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. அந்த விரலை யாரும் அதுவரை சந்தேகப்பட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சலவையம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து, இடது முன் சக்கரத்தின் நடுவில் ஒரு சொட்டைச் சுண்டினார். ‘சுர்ர்’ என்று ஆவி எழுந்தது. வலது பக்கம் போய் இன்னொரு சொட்டு. சத்தமில்லை, மெல்லக் காய்ந்தது. பின் சக்கரங்களிலும் அப்படியே.

“மத்த மூணும் பட்டுச் சூடு,” என்றார், இருபது வருட இஸ்திரி அனுபவத்தோடு. “இது மட்டும் காட்டன் சூடு. விரல் மிதிச்சா நாலு சக்கரமும்தானே தம்பி சூடாகணும்? ஒண்ணு மட்டும் எப்படி?”

ஜன்னலில் இருந்த தலை உள்ளே போய்விட்டது.

அக்கா மணி பார்த்தார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம். சக்கரம் ஆறட்டும் என்று கால் மணி விட்டு, ஜாக்கியை வைத்து, நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருவினார். உள்ளே பளபளவென்று டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர். பிரேக்கை மிதித்தால் கவ்வும், விட்டால் விலகும். விலகுவதற்கு வழியாக இரண்டு பின்கள், விரல் நீளம், விரல் கனம். பின் வழுக்கினால்தான் பிடி தளரும். கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கி, பிரேக் குழாய் இழுபடாமல் இருக்கத் தையல்காரரின் கிழிசல் துணியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிட்டார். மேல் பின்னை விரலால் தள்ளினார். அலமாரி இழுப்பறை மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. கீழ் பின்னைத் தள்ளினார். தள்ளினது அக்காதான், பின் அசையவில்லை. ஸ்பேனர் போட்டார், இரண்டு கையால் திருகினார், அம்மா என்றார், அப்பா என்றார். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

“பிடிச்சுக்கிச்சு,” என்றார் அக்கா. “பின் விட மாட்டேங்குது. அதனால பிரேக்கும் விடல. நீங்க கால எடுத்தாலும் இந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு.”

“அப்போ நான் தப்பா மிதிக்கல?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணல.”

சலவையம்மாவுக்கு முகமெல்லாம் பல். டெஸ்டுக்கு இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது, கார் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதெல்லாம் அந்த நொடியில் அவர் கணக்கில் இல்லை.

காலிப்பரைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தைப் பின்னோடு சேர்த்துக் கழற்றி, வாசல் ஓரக் கொட்டகையில் மேஜையோடு முடுக்கியிருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து, ரப்பர் உறையை நீக்கியபோது அக்காவுக்கு ஒரு வாசனை வந்தது. கிரீஸ் வாசனை இல்லை. மிக நன்றாகத் தெரிந்த வாசனை. தினமும் முன்னறையைக் கடக்கும்போது வருவது.

“என்னங்க,” என்று கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது. தையல்காரருக்கு அந்தத் தேனைத் தெரியும். வெளியே வரும்போதே கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“மூணு மாசத்துக்கு முன்னாடி பிரேக் பேட் மாத்தினேனே, ஞாபகம் இருக்கா? நடுவுல எனக்கு போன் வந்துச்சு. இந்தப் பின்னுக்குக் கிரீஸ் தடவி மாட்டிடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன்.”

“தடவினேனே.”

“என்னத்தத் தடவினீங்க?”

தையல்காரர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். “மிஷின் எண்ணெய்.”

“தையல் மிஷின் எண்ணெயா!”

“அந்தக் கிரீஸ் கையில ஒட்டினா போகவே மாட்டேங்குது. டேபிள் மேல வெள்ளச் சட்டை கிடந்துச்சு. இது நல்ல எண்ணெய்ம்மா, கறையே படியாது. முப்பது வருஷமா என் மிஷின் எப்படி ஓடுது பாரு!”

“உங்க மிஷின் மழையில ஓடுதா? சேத்துல ஓடுதா? ரெண்டு நாள்ல கழுவிட்டுப் போயிருக்கும் உங்க எண்ணெய். மிச்சம் இருந்தத குடிச்சு இந்த ரப்பர் எப்படி உப்பிப் போயிருக்கு பாருங்க!”

சலவையம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். “இவர் தைச்ச சட்டை பட்டனெல்லாம் பாதி என் வாஷிங் மெஷினுக்குள்ளதான் கிடக்கு. கழன்று விழக் கூடாத பட்டன் விழுது. கழன்று வர வேண்டிய இது மட்டும் வர மாட்டேங்குது. கைராசி தம்பி!”

“அக்கா, நீங்க வேற எரியிறதுல…” என்று தையல்காரர் சலவையம்மாவிடம் முனகினார்.

“நானும் பார்த்திருக்கணும்,” என்றார் அக்கா, பெருமூச்சுவிட்டு. “சொல்லிட்டுப் போனவ திரும்பி வந்து பார்க்கல. சரி, இப்போ இத எப்படி எடுக்கிறது? சூடு காட்டினா இரும்பு கொஞ்சம் விரியும். ஆனா நம்மகிட்ட கேஸ் டார்ச் இல்ல.”

“சூடுதானே?” என்றார் சலவையம்மா.

மூன்று பேரின் கண்களும் ஒரே நேரத்தில் முன்னறைப் பக்கம் திரும்பின. தையல்காரருக்குத்தான் கடைசியில் புரிந்தது.

“ஐயையோ, அது என் இஸ்திரிப் பெட்டி! அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்!”

“எண்ணெய் யாரோடதோ பெட்டியும் அவரோடதுதான்,” என்று சலவையம்மா தீர்ப்புச் சொல்லி, தாமே போய் எடுத்து வந்தார். ஒயரை ஜன்னல் வழியாக நீட்டி, காட்டனில் வைத்து, பின் சிக்கியிருந்த இரும்புக் காதின் மேல் பெட்டியை அழுத்திப் பிடித்தார். அப்படி ஒரு காட்சியை அந்தக் கொட்டகை கண்டதில்லை. பூப்போட்ட சேலைக்குக் காட்டுகிற பக்குவத்தோடு, துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டுக்கு அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுண்டிப் பார்ப்பார். “இன்னும் இல்ல.” மறுபடி. “இன்னும் இல்ல.” தையல்காரர் பார்க்கப் பொறுக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

‘சுர்ர்.’ “இப்போ திருகுங்க!”

அக்கா துரு இளக்கும் எண்ணெயைப் பொட்டாக விட்டு, ஸ்பேனரைப் போட்டார். இழுக்கவில்லை. இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றித் திருகினார்.

“ஒரு நூல் அசைஞ்சுது!” என்று கத்தியது முதுகைக் காட்டி நின்றவர். எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை.

ஒரு நூல் இரண்டு நூலாயிற்று. பின் முனகியது, கிறீச்சிட்டது, பிறகு திடீரென்று ‘பொக்’ என்று அக்காவின் கையோடு வந்துவிட்டது. அக்கா இரண்டடி பின்னால் போய்த் தையல்காரர் மேல் மோதி நின்றார். மூன்று பேரும் பிள்ளை பிறந்த வீடு மாதிரி கூச்சல் போட்டார்கள்.

மணி ஒன்பது. பின் முழுவதும் துரு, நுனி ரப்பர் வீங்கிச் சப்பட்டையாகிவிட்டது. புதுசுதான் போட வேண்டும். அக்கா தன் பழைய கடைக்குப் போன் செய்தார். எடுத்தவர் முதலாளி. அந்தப் பின் தங்களிடம் இல்லையே என்றார்.

“இருக்கு முதலாளி. மூணாவது ரேக், இடது ஓரம், கீழ இருந்து ரெண்டாவது டப்பா. மேல ஃபேன் பெல்ட் கிடக்கும், தூக்கிப் பாருங்க.”

சிறிது நேரம் போனில் உருட்டும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு முதலாளியின் குரல், ஏறக்குறைய பயத்தோடு: “இருக்கும்மா. நீ போய் ஆறு வருஷம் ஆச்சு!”

“சிலிகான் கிரீஸ் ஒரு டியூப் சேர்த்து எடுத்து வைங்க. என் வீட்டுக்காரர் வருவார். அவர் வேற எண்ணெய் எதாவது கேட்டா குடுக்காதீங்க.”

தையல்காரர் சைக்கிளில் பறந்தார். போய் வர இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் அக்கா துளையை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். பிரேக் பேடுகளில் உள்பக்கத்தது கூடுதலாகத் தேய்ந்திருந்தாலும் பாதிக்கு மேல் இருந்தது. இந்த வாரத்துக்குத் தாங்கும். புதுப் பின்னுக்குத் தன் கையாலேயே கிரீஸ் தடவினார். தையல்காரரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தடவினார். எல்லாம் மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, மைதானத்தில் தானே இரண்டு சுற்றுப் போய் பிரேக் பிடித்துப் பார்த்தபோது மணி பத்தடிக்க ஐந்து நிமிடம். கார் தண்ணீரில் விட்ட படகு மாதிரி போனது. மூச்சு வந்தது.

வந்த மூச்சு சலவையம்மா உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. முதல் தடவை பிரேக் பிடித்ததுமே கார் வலப்பக்கம் திரும்பி, அடுக்கி வைத்திருந்த செங்கலை நோக்கிப் போனது. அக்காவின் விரல் காப்பாற்றியது. இரண்டாவது தடவையும் வலப்பக்கம். மூன்றாவது தடவையும்.

“என்னக்கா பண்ணீங்க என் கார?” சலவையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நேத்து வரைக்கும் சொன்ன பேச்சு கேட்டுச்சே! அந்தப் பழைய பின்ன திரும்ப மாட்டிடுங்க. எனக்கு அதுதான் பழக்கம்.”

அக்கா ஸ்டியரிங்கின் மேல் இருந்த அந்தக் கைகளையே பார்த்தார். வலது கை கீழே இழுத்தபடி, இடது கை மேலே தள்ளியபடி இருந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இடது சக்கரம் இத்தனை வாரமாகக் காரை இடப்பக்கம் இழுத்திருக்கிறது. இந்த அம்மாள் அதை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே நேராக ஓட்டியிருக்கிறார். நாமோ பக்கத்தில் உட்கார்ந்து, “கைய இறுக்காதீங்க, இவ்வளவு பயமா” என்று நாள் தவறாமல் திட்டியிருக்கிறோம்.

“அம்மா,” என்றார். “உங்க கை சரியாத்தான் இருந்துச்சு. கோணல் என் கார்தான். அந்தக் கோணல நீங்க கையாலயே சரி பண்ணி ஓட்டியிருக்கீங்க. எனக்கே தெரியல. திட்டினதெல்லாம் தப்பு.”

“அதெல்லாம் இருக்கட்டும். இப்போ என்ன பண்றது? முக்கால் மணி நேரத்துல கைக்கு யாரு போய்ச் சொல்றது?”

அக்கா கையைத் தளர்த்து என்று சொல்லச் சொல்ல அது இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்தபடி சலவையம்மாவைக் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்க என்னமோ பண்ணிக்குங்க. இந்தக் கருப்புக் கறை போகாது. இதுக்கு என்ன வழி?”

“இருபது வருஷமா சலவை பண்றேன், என்கிட்ட கறை போகாதுன்னு சொல்றியா?” சலவையம்மா கியரைப் போட்டார். “சூட்டுல மெழுகு தேய்ச்சா ஒரு நிமிஷம். போன வருஷம் கழுத்தளவு தப்பா வெட்டினியே ஒரு சட்டை, அதுக்கு வழி இருக்கா முதல்ல சொல்லு!”

“அது வாடிக்கைக்காரருக்குக் கழுத்து பெருசாயிடுச்சு.”

“ஒரு வாரத்துலயா!”

மைதானத்தின் கோடி வந்தது. சலவையம்மா வாக்குவாதத்தின் நடுவிலேயே பிரேக் பிடித்தார். கார் வகிடு எடுத்த மாதிரி நேராக நின்றது. அக்கா கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். நிறுத்தாதீங்க, பேசுங்க என்று அர்த்தம். அந்த மனிதருக்கு ஆயுளில் முதல் தடவையாக, வாயைத் திறக்கச் சொல்லி மனைவியிடமிருந்து உத்தரவு. விடுவாரா? பட்டன், கறை, பாக்கெட், ஓரம் அடித்த நூல் என்று அரை மணி நேரம் வம்பிழுத்தார். சலவையம்மா அரை மணி நேரம் கிழி கிழியென்று கிழித்தார். சண்டையில் மும்முரமாக இருந்த கைகள், தாங்கள் எதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதையே மறந்துவிட்டன.

டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் மட்டும்தான் கூட உட்காரலாம். அக்காவும் தையல்காரரும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கார் கிளம்பியது. அக்காவின் வலது கால் செருப்புக்குள் விரல் தானாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நேராகப் போனது. வளைந்தது. பின்னால் வந்தது. கொடி அசைந்தது. கார் நின்ற இடத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

“உதடு அசையுது பாரு,” என்றார் தையல்காரர். “யாருகூடப் பேசுறாங்க?”

இறங்கி ஓடிவந்த சலவையம்மாவே சொன்னார். “உன்னத்தான் தம்பி திட்டிக்கிட்டே ஓட்டினேன். இன்ஸ்பெக்டர் ‘யாரம்மா திட்டுறீங்க’ன்னாரு. ‘உங்கள இல்ல சார், ஒரு டெய்லர’ன்னேன். ‘சரி, ரோட்டப் பார்த்துத் திட்டுங்க’ன்னுட்டாரு. பாஸ்!”

சொல்லிவிட்டு அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்க முயன்று, முடியாமல், தையல்காரரின் தோளில் பலமாக ஓர் அறை வைத்தார். அவர் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை மாலை லைசென்ஸ் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெள்ளை மூட்டைகள் கூரை முட்ட நிறைந்த வேன் தெருவைக் கடந்தபோது, அது அடித்த ஹாரனில் தெருவே எழுந்துவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்து, கார் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரியின் ஸ்டோர் கீப்பர் அக்காவிடம் வந்து சேர்ந்தார். இரண்டாவது நாள் பேச்சுவாக்கில் அக்கா அவரைக் கடிந்துகொண்டார்: தனியாகக் கடை நடத்துகிற சலவையம்மாவுக்கு அப்படியா சனிக்கிழமை கெடு வைப்பது, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று. அவர் குழம்பிப்போய்க் காரை ஓரமாக நிறுத்தினார்.

“நாங்க எங்கக்கா கெடு வச்சோம்? அவங்கள விட்டுட்டு எங்க துணிய வேற யாருகிட்ட குடுக்கப்போறோம்? டிரைவரும் தானா நிக்கல. அந்தம்மாதான் ரெண்டாவது டெஸ்ட் ஃபெயிலான அன்னைக்கே அவருக்கு எங்க ஆஸ்பத்திரியிலயே வேற வண்டி ஓட்டுற வேலை பேசி வச்சுட்டு, அந்தச் சனிக்கிழமையோட போதும், இனிமே நானே ஓட்டிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. கெடு அவங்களே அவங்களுக்கு வச்சுக்கிட்டது.”